ஐந்து சப்பரமும் பதினோரு பூஜ்யமும்

கரும்பலகையில் கணக்கு எழுதியாகிவிட்டது. நான்கு நிறம்: சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பட்டை. பட்டைகளை வரிசை மாற்றி மாற்றி நெய்தால் எத்தனை தினுசுக் கைலி கிடைக்கும்? கேட்டவர் நான் அல்ல, அப்போது ஜில்லாத் தலைநகராக இருந்த சித்தூரிலிருந்து வந்திருந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் சற்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பத்துப் பேர் ஒரே குரலில் "இருபத்துநாலு" என்றார்கள். இன்ஸ்பெக்டர் முகத்தில் திருப்தி தெரிந்தது. வாசற்படியில் நின்றிருந்த ஹெட்மாஸ்டருக்கும் மூச்சு வந்தது.

அப்போது கடைசிப் பெஞ்சு கிறீச்சிட்டது. ஏகாம்பரம் எழுந்து நின்றார். "டீச்சரம்மா, இருபத்துநாலு இல்லீங்க. பன்னண்டு."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க டீச்சர். எது சரி?"

அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதிலில் என் வேலையே அடங்கியிருந்தது. அது எப்படி என்று சொல்ல ஒரு மாதம் பின்னால் போக வேண்டும். வயதானவள் கதை சொன்னால் வண்டி நாலு ஸ்டேஷன் பின்னால் போய்த்தான் கிளம்பும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாசஞ்சர் வண்டியில் வந்த டீச்சர்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். திருத்தணிப் பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அந்த இடத்துக்கு ஆம்பிளை யாரும் அகப்படாமல் கடைசியில் என்னை எடுத்தார்கள். இதை ஹெட்மாஸ்டரே முதல் நாள் என்னிடம் சொன்னார். தெலுங்கு பேசும் நல்ல மனிதர், பொய் சொல்ல வராது. வேலை தற்காலிகம்தான், இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்று எழுதினால் நிரந்தரமாகும், இல்லையென்றால் அல்ஜீப்ரா வகுப்பையே மூடிவிட்டுப் பிள்ளைகளைச் சரித்திரத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு இருபத்துமூன்று வயது. கணக்கில் பி.ஏ. படித்த கிறிஸ்தவப் பெண். வீடு அரக்கோணத்தில். நைனாவுக்கு ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை. காலை பாசஞ்சரில் ஏறி, கரித்தூளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே திருத்தணியில் இறங்குவேன். மலைமேல் கோயில் மணி அடிக்கும்போது நான் பள்ளிக்கூட வாசலில் இருப்பேன்.

விருப்பப் பாடமாக அல்ஜீப்ரா எடுத்தவர்கள் பதினோரு பேர். ஏகாம்பரத்துக்கு அப்போதே இருபது வயது, எடுப்பான மீசை. பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பம். நடுவில் படிப்பை விட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தவர். ரங்கூனுக்குக் கைலி போவது நின்று, நூலும் கிடைக்காமல் தறி சும்மா நின்றதும், பெண்டாட்டியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, திருத்தணியில் இருக்கும் அக்காள் புருஷன், பாவா வீட்டில் தங்கி மறுபடி படிக்க வந்திருந்தார். அவரை "வாப்பா, போப்பா" என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. "ஏகாம்பரம், சொல்லுங்க" என்பேன். மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன

பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பரீட்சைக்கு நாள் இருந்தது. காலேஜுக்குப் போகிறவர்கள் அங்கே போய்த் திணறக் கூடாதே என்று, இன்டர்மீடியட்டில் வரும் வரிசை மாற்றக் கணக்கையும் சேர்க்கைக் கணக்கையும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கட்டுமா என்று கேட்டேன். ஹெட்மாஸ்டர் தாராளமாக என்றார். யாரும் கேட்காத வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம்.

அதற்குத் தமிழில் சொல்ல எனக்கே சரியான வார்த்தைகள் இல்லை. நான் படித்ததெல்லாம் இங்கிலீஷில். அதனால் ஆட்களை நிறுத்திக் காட்டினேன். மூன்று பேரை முன்னால் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தேன். இடம் மாற்றி நிற்கச் சொன்னேன். ஆறு விதம் வந்தது. "இது வரிசை," என்றேன். பிறகு, ஐந்து பேரில் மூன்று பேர் தண்ணீர்க் குடம் தூக்கப் போக வேண்டும், எத்தனை விதமாக ஆள் பொறுக்கலாம் என்று கேட்டேன். "இது சேர்க்கை. இதில் யார் முன்னால், யார் பின்னால் என்பது கிடையாது."

முனிரத்தினம் என்று ஒரு பையன். அக்கம்பக்கத்துக் கிராமத்தில் நிலபுலன் உள்ள குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவன் சந்தேகம் கேட்டான். "ஆளுங்க அதே மூணு பேர்தானே டீச்சர். எப்பிடி நின்னா இன்னா?"

அந்த ஒரு கேள்வியில் பாடம் முழுக்க இருக்கிறது. எப்போது "எப்படி நின்றால் என்ன" என்று விடலாம், எப்போது விடக் கூடாது? இதைப் புரிந்துகொண்டவனுக்கு மிச்சமெல்லாம் பெருக்கல்தான். பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்தில் வெறி பிடித்துவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தால் ஐந்து பேர் எத்தனை விதமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட மறந்தார்கள். நான் தலைகால் புரியாமல் பூரித்துப்போனேன். பூரித்த கையோடு ஒரு பரீட்சை வைத்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்

அந்த வாரம் ஊருக்குள் இருக்கும் சிவன் கோயிலில் திருவிழா. காலையில் ரயிலிலிருந்து இறங்கி வரும்போது ஐந்து சப்பரங்கள் வரிசையாக வீதியில் வந்தன. ஒதுங்கி நின்று பார்த்தேன். மல்லிகையும் சாம்பிராணியும் கலந்த வாசனை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் எனக்குத் தெரியாது என்று கண்டுகொண்டு, பிள்ளையார், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேசுவரர் என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார்.

எனக்கு உடனே கணக்குத் தோன்றிவிட்டது. பிள்ளைகள் கண்ணால் பார்த்ததை வைத்துக் கேட்டால் சுலபமாகப் புரியுமே! பரீட்சையில் பத்து மார்க்குக்கு அதையே கேட்டேன். ஐந்து சப்பரங்கள் வீதியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. எத்தனை விதமான வரிசையில் போகலாம்?

விடை நூற்றிருபது. ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று எல்லாவற்றையும் பெருக்க வேண்டியதுதான். அதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது.

பதினோரு பேரும் "1" என்று எழுதியிருந்தார்கள்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காரணம் எழுதியிருந்தார்கள். ஏகாம்பரம் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: "பிள்ளையார்தான் முன்னாலே. வேறே வழி கிடையாது."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். இப்போது எண்பதைத் தாண்டியும் வருகிறது, அப்போது கேட்க வேண்டுமா? மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியதற்கு இதுதானா பலன் என்று, சிவப்பு மசியில் பதினோரு பேப்பரிலும் பெரிய பெரிய பூஜ்யம் போட்டேன். பக்கத்தில் "120" என்று எழுதி இரண்டு கோடு கிழித்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையை எனக்கென்றே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் முனிரத்தினத்தின் அப்பா பேப்பரோடு வந்துவிட்டார். திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவர்கள் குடும்பத்துடையது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். ஹெட்மாஸ்டர் அறையில் நின்றபடியே மெதுவாகக் கேட்டார். "பையனுக்கு சைபர் போட்டாங்க, பரவால்லீங்க. ஆனா பிள்ளையாரு கடைசியில போலாம்னு செவப்பு மசியில எழுதிக்கீறாங்களே, அது இன்னா நியாயம்?"

நான் அப்படி எழுதவில்லை என்றேன். நூற்றிருபது என்றால் அதில் அதுவும் உண்டா இல்லையா என்று கேட்டார். உண்டு. இருபத்துநாலு விதத்தில் பிள்ளையார் கடைசியில்தான் வருவார். நான் கிறிஸ்தவள் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த மூவருக்கும் அது தெரியும்.

அவர் போன பிறகு ஹெட்மாஸ்டர் பேப்பரையெல்லாம் திரும்ப வாங்கி ஃபைலில் வைக்கச் சொன்னார். கணக்கைத் தப்பு என்று சொல்லி விட்டுவிடுங்கள் என்றார். நான் மாட்டேன் என்றேன். கணக்கு எப்படிச் சார் தப்பாகும்? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதற்குள் ஊரில் யாரோ மேலே மனுப் போட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற தேதி முன்னால் வந்துவிட்டது.

நைனாவின் லீவர்கள்

வீட்டில் நைனாவிடம் சொல்லி அழுதேன். அழுகை பாதி, ஆத்திரம் பாதி. எங்கள் குடும்பத்தில் நிரந்தர வாத்தியார் வேலைக்குப் போகும் முதல் பெண் என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார் மனிதர். வருத்தப்படுவார் என்று பார்த்தால் சிரித்தார்.

"எங்க கேபின்ல எத்தினி லீவர் கீது, எண்ணிக்கீறியா? அத்தினியும் எப்பிடி வேணா மாத்தி மாத்தி இழுக்கலாம்னு நீ கணக்குப் போட்டு குடுப்ப. நான் இழுத்துகினு இருந்தா மெயில் வண்டி கவுந்துடும்."

சின்ன வயதில் அந்தக் கேபினில் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறி நின்றிருக்கிறேன். மசகெண்ணெய் வாசனை. ஆளுயர லீவர்கள். ஒன்றை இழுத்தால்தான் அடுத்தது நகரும். தண்டவாளத்தைப் பிரித்துவிடும் பாயின்ட் சரியாக விழாமல் சிக்னல் லீவரை யமனே வந்து இழுத்தாலும் அசையாது. எந்தெந்த லீவர் எதற்கு முன்னால் என்று கீழே இரும்பில் பூட்டியிருப்பார்கள். அந்தப் பூட்டு இல்லாவிட்டால் ஜங்ஷனே இல்லை. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு நைனா என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

மறுநாள் பாசஞ்சர் சிக்னல் கிடைக்காமல் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகச் சிக்னல் கம்பத்தின் சிவப்புக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு பேர் ஒரே மாதிரித் தப்புச் செய்வார்களா என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. ஆனால் தோன்றுவது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. ஒத்துக்கொள்ளாமலேதான் இன்ஸ்பெக்டர் வந்த நாள் வரைக்கும் போனேன்.

கைலிக்குத் தலை எது, கால் எது

இப்போது முதலில் நிறுத்திய இடத்துக்கு வந்துவிட்டோம்.

இன்ஸ்பெக்டர் தாமே கணக்குப் படித்தவர். காலையில் ஃபைலைப் புரட்டிப் பதினோரு பூஜ்யத்தையும் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளைச் சில கணக்குகள் கேட்டார், நன்றாகச் சொன்னார்கள். சுவாமி கணக்கெல்லாம் எதற்கு வம்பு, இந்தப் பக்கம் கைலிக்குப் பேர்போனது, கைலியில் ஒன்று கேட்கிறேன் என்று அந்த நான்கு பட்டைக் கணக்கைக் கேட்டார். கணக்கு எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குக் காட்டுவதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஏகாம்பரம் எழுந்து பன்னிரண்டு என்றார். எது சரி என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

சூத்திரப்படி இருபத்துநாலுதான் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆகாது. ஹெட்மாஸ்டர் கண்ணாலேயே அதைச் சொல்லும்படி கெஞ்சினார். இன்ஸ்பெக்டரே போட்ட கணக்கு. எழுதப்போகிற பேனா அவர் கையில். என் எதிரே ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏற்கனவே ஒரு பூஜ்யம் வாங்கியவர். இன்னொன்றையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்ற மாதிரி இருந்தது.

"ஏன் பன்னிரண்டு? சொல்லுங்க ஏகாம்பரம்," என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அந்த அளவுக்குத்தான் அப்போது தைரியம்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்துப் பிடித்தார். அவரே நெய்த துண்டு, ஓரங்களில் பட்டை. அதை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். "மேல சேப்பு, கீழ கறுப்புன்னு நெய்ஞ்சிகினு வர்றோம். கட்டுறவன் திருப்பிக் கட்டுனா மேல கறுப்பு, கீழ சேப்பு. அது வேற கைலி இல்லீங்களே, அதே கைலிதானே. தறியில ஒரு தபா பாவு போட்டா ரெண்டு வரிசையும் அதுலயே வந்துடுதுங்க."

இருபத்துநாலில் பாதி பன்னிரண்டு. எவ்வளவு அழகான கணக்கு! எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில்தான் பயம் போயிற்று என்று நினைக்கிறேன்.

"பன்னிரண்டுதான் சார் சரி," என்றேன். "கைலிக்குத் தலை கால் கிடையாது. அது நெய்கிறவருக்குத் தெரியும். நமக்குத் தெரியவில்லை."

"நமக்கு" என்று இன்ஸ்பெக்டரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஹெட்மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஆரம்பித்தாகிவிட்டது, இனி முடித்துவிடலாம் என்று, போன மாதம் நானும் இதே தப்பைச் செய்தேன் சார் என்றேன். பலகையைத் துடைத்தேன். "120" என்று எழுதினேன். பிள்ளைகள் பக்கம் திரும்பி, சப்பரம் எப்படிப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், எனக்குத் தெரியாது என்றேன்.

பிள்ளையார் முதலில் என்றான் முனிரத்தினம். நூற்றிருபது இருபத்துநாலு ஆயிற்று. சண்டிகேசுவரர் கடைசியில் என்றான் இன்னொருவன். இருபத்துநாலு ஆறு ஆயிற்று. சுவாமிக்கு அடுத்தபடி அம்மன், நடுவில் யாரும் வரக் கூடாது. ஆறு இரண்டு ஆயிற்று. சுவாமிக்கு முன்னால் முருகன்.

இரண்டை அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். நூற்றிருபது, இருபத்துநாலு, ஆறு, இரண்டு, ஒன்று. கேபினில் லீவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, கடைசியில் சிக்னல் இறங்குமே, அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்டது. நிபந்தனை இருக்கிறதா என்று கேட்காமல் கணக்குக் கேட்டது என் தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் ஏகாம்பரத்திடம், சேலைக்கும் பன்னிரண்டுதானா என்று கேட்டார்.

"ஒரு பக்கம் பெரிய கரை வச்ச சேலைன்னா திருப்பிக் கட்ட முடியாதுங்க. அதுக்கு நீங்க சொன்ன இருபத்துநாலு சரிங்க."

"அப்ப நான் சேலையத்தான் கேட்டேன்னு வச்சுக்குங்க," என்றார் இன்ஸ்பெக்டர். முதலில் சிரித்தவர் அவர்தான். யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய யானை சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சிவப்பு மசி

இன்ஸ்பெக்டரின் கடிதம் வர மூன்று வாரம் ஆயிற்று. வகுப்பு நடக்கலாம், என் வேலையை நிரந்தரமாக்கலாம் என்று அவர் எழுதியிருந்ததாக ஹெட்மாஸ்டர் ஓடி வந்து சொன்னார். தப்பை எல்லோர் முன்னாலும் திருத்திக்கொள்ளத் தெரிந்தவர் என்று ஒரு வரியும் இருந்ததாம். நைனா அதைச் சர்ச்சில் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொன்னார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அப்போது வேலை நிற்குமா போகுமா என்று எனக்குத் தெரியாது. ஃபைலிலிருந்து பதினோரு பேப்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, சிவப்பு மசிக் கூட்டை மடியில் இடுக்கிக்கொண்டு, பேனாவை எடுத்தேன்.

பூஜ்யத்தை அடித்துவிட்டு மார்க் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அடிக்க மனசு வரவில்லை. அது நான் போட்டது, இருக்கட்டும். அதற்கு முன்னால், அவர்கள் எழுதிய விடையான ஒன்றைப் போட்டேன். பத்துக்குப் பத்து. வண்டி ஆடியதில் சில ஒன்றுகள் கோணலாக விழுந்தன.

மறுநாள் காலையில் பேப்பரைக் கொடுத்தேன். முனிரத்தினம் தன் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏகாம்பரம் எட்டி அதைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணு முன்னால வந்துட்ச்சுங்க டீச்சரம்மா," என்றார்.

"ஆங்," என்றேன். "வேறே வழி கிடையாது."